பாம்பாஸ் புல் வைக்கலாமா? பல வருடம் வளர்த்த பிறகு சொல்வது

கிருஷ்ணகிரியில் வீடு கட்டி முடித்த நண்பர், காம்பவுண்ட் ஓரமாக அழகுக்குப் பாம்பாஸ் புல் வைக்கலாமா என்று கேட்டார். ஆள் உயரத்துக்கு மேல் வளரும், வெள்ளைக் கதிர் விடும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். நர்சரியில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. இதன் இலை கையைக் கிழிக்கும்.

பாலக்கோடு பக்கம் கரும்புச் சோகை உரித்தவர்களுக்குச் சுணை, அதாவது தோலில் குத்தி அரிக்கும் பொடி முள், என்றால் என்னவென்று தெரியும். இது அதற்கும் மேலே. இலையின் இரண்டு ஓரத்திலும் சிலிக்கா ஏறிய பொடிப் பற்கள் நுனியைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். அடியிலிருந்து நுனிக்கு விரலை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும், திருப்பி இழுத்தால் ரத்தம் வரும். தொடாமலே வளர்க்கலாம் என்றால் அதுவும் முடியாது. பழைய இலை தானாக உதிராமல், காய்ந்தபடியே தூரை, அதாவது புல் கொத்தின் அடியை, சுற்றித் தொங்கும். அதற்குள் எலி குடியேறும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை வெட்டியே ஆக வேண்டும்.

பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்பே, தை கடைசியிலோ மாசியிலோ இதை முடித்துவிடுங்கள். முதலில் நீளமான கம்பால் தூரை நாலு பக்கமும் தட்டி, கொஞ்ச நேரம் விலகி நில்லுங்கள். முழங்கை வரை வரும் தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். இடுப்பு உயரத்தில் நைலான் கயிற்றால் தூரை இறுக்கிக் கட்டிவிட்டு, தரையிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டுங்கள். அதற்கும் கீழே இறங்கினால் புதுக் குருத்து அடிபடும். பன்னரிவாள் சரிப்படாது. பிடித்துத்தான் அறுக்க வேண்டும், பிடிக்கிற கை கிழியும். பிரஷ் கட்டரில் (புல் வெட்டும் மெஷின்) நைலான் நூல் சுற்றும் தலை போட்டால் இலை சுற்றிக்கொண்டு மெஷின் திணறும், இரும்பு பிளேடுதான் போட வேண்டும். வெட்டியது மக்க மாதக்கணக்காகும். துண்டு போட்டுச் சாணிக் கரைசல் ஊற்றிக் குழியில் போடுவதுதான் வழி. வெளிநாட்டில் சிலர் தூரோடு கொளுத்துவார்கள். மேலே கரண்ட் கம்பி, பக்கத்தில் வீடு என்றிருக்கும் இடத்தில் அந்த வேலையே வேண்டாம்.

வளர்ப்பில் பெரிய சிரமம் இல்லை. இரண்டடிக் குழி, செம்மண்ணோடு இரண்டு கூடை மக்கிய எரு, தூரின் கழுத்து மண் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும்படி நடவு. சுவரிலிருந்து ஆறடி தள்ளி வையுங்கள். வேர் பிடித்தபின் வறட்சியைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. உப்பு அதிகமான போர் தண்ணீர் பாய்ந்தால் இலை நுனி கருகும், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் மண்டும், கதிர் வராது. மூன்று நான்கு வருடத்தில் தூரின் நடுப்பகுதி செத்துப் பொக்கையாகும். மழை தொடங்கும்போது கடப்பாரையால் பிளந்து, ஓரத்தில் இருக்கும் உயிர்த்தூரை வேரோடு எடுத்து நட்டால் மறுபடி திரளும்.

கதிரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆடிக் காற்று அடங்கிய பிறகே வெளிவருவதால் தண்டு முறிவதில்லை. ஐப்பசி மழையில் நனைந்து தலை தொங்கிவிடும், போயிற்று என்றே நினைப்போம். மறுநாள் வெயில் பட்டதும் ஒவ்வொரு இழையாகப் பிரிந்து பழையபடி பூரித்து நிற்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. உறையிலிருந்து முக்கால்வாசி வந்ததும் நறுக்கி நிழலில் காயவைத்தால் கொட்டாமல் வருடக்கணக்கில் ஜாடியில் இருக்கும். முழுக்க மலர்ந்தபின் நறுக்கினால் வீடு பூராவும் பஞ்சு.

பெண் தூரின் கதிர்தான் அடர்த்தியும் பட்டுப் பளபளப்பும் உள்ளது. மற்றது மெலிந்திருக்கும். விதையில் வந்த கன்று எது என்று பூக்கும்வரை தெரியாது. பெண் தூரிலும் ஓர் ஆபத்து உண்டு. பக்கத்தில் மகரந்தம் கிடைத்தால் விதை காற்றில் ஊர் சுற்றும். நியூசிலாந்தில் இதை விற்பதே தடை, கலிஃபோர்னியாவில் களைப் பட்டியலில் இருக்கிறது. தென்பெண்ணைக் கரையிலோ விவசாய நிலத்தை ஒட்டியோ வைக்கவே கூடாது. எங்கே வைத்தாலும் பஞ்சு பறக்கும் முன் கதிரை நறுக்கிவிட வேண்டும்.

ஊதா ஃபவுண்டன் என்ற இன்னொரு அலங்காரப் புல்லை இதோடு ஒப்பிட்டால் நியாயம் அதன் பக்கம்தான். மூன்று நான்கு அடி உயரம், இலை கையைக் கிழிக்காது, அந்த ரகம் பெரும்பாலும் விதை கட்டாது, தூர் பிரித்தே பெருக்கலாம். ஆனால் பாம்பாஸ் கதிரின் கம்பீரம் அதில் கால்வாசிகூட இல்லை.

இந்த மாசி வெட்டு இப்போதுதான் முடிந்தது. முன்கை முழுக்கக் கீறல். அதனால் கிருஷ்ணகிரி வீட்டுக்கு என் பதில், வேண்டாம். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி அதைவிடத் தாழ்வு. குளிர் இருக்கும் ஓசூர் பக்கம், பத்தடி இடமும் வெட்ட ஆளும் உள்ளவர்கள் வாங்கட்டும். வாங்கும்போது விதைக் கன்றை விட்டுவிட்டு, பூத்த பெண் தூரிலிருந்து பிரித்ததா என்று கேட்டு, கதிரைக் கண்ணால் பார்த்து வாங்கட்டும்.