நார்டிக் பயணம்: சொகுசுக் கப்பலா, சொந்தத் திட்டமா?

நார்வேயின் ஃபியோர்டுகளை, அதாவது செங்குத்தான மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்கழிகளை, ஒரு முறை சொகுசுக் கப்பலிலும், மறுமுறை நானே திட்டமிட்டு ரயிலிலும் படகிலுமாகப் பார்த்தவன் என்ற முறையில், இரண்டாவதையே பரிந்துரைப்பேன். உணவகச் செலவு மிக அதிகமான அந்நாட்டில், அறையும் உணவும் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடுவது கப்பலின் பெரிய வசதி; நடக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு அதுவே ஏற்றது. ஆனால், 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கெய்ராங்கர் ஃபியோர்டின் கரையிலுள்ள சிற்றூரில் ஆயிரக்கணக்கானோர் ஒரே காலையில் இறங்கும்போது, எந்த அமைதியைத் தேடிச் சென்றோமோ அதுவே கலைந்துவிடுகிறது. எங்களுக்குக் கிடைத்த சில மணி நேரத்தில் பாதி, வரிசையிலேயே கழிந்தது.

ஆஸ்லோவிலிருந்து பெர்கனுக்குச் சுமார் ஏழு மணி நேரம் ஓடும் ரயிலோ ஹர்டாங்கர்விட்டா பீடபூமியின் வழியே செல்கிறது. இடையில் மிர்டாலில் இறங்கினால், 20 கிலோமீட்டர் தொலைவுக்குள் 860 மீட்டருக்கும் மேல் கீழிறங்கும் ஃபிளாம் ரயிலைப் பிடிக்கலாம். முன்கூட்டியே பதிவுசெய்தால் பெர்கன் ரயிலின் கட்டணம் கணிசமாகக் குறையும். சமையலறை உள்ள விடுதிகளில் தங்கியதால் உணவுச் செலவும் கட்டுக்குள் இருந்தது. மழைக்கோட்டு மட்டும் அவசியம். பெர்கனில் மழைக்குப் பஞ்சமே இல்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. பெர்கனுக்கும் நாட்டின் வடகிழக்குக் கோடியிலுள்ள கிர்கெனெஸுக்கும் இடையே 34 துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் கடலோரக் கப்பல்களில், வேண்டிய தூரத்துக்கு மட்டும் சீட்டு எடுத்து, லொஃபோட்டன் தீவுகளில் இறங்கிக்கொள்ளலாம்.