மிச்சிகன் விதியா, சிகாகோ அறிக்கையா, இங்கிலாந்துச் சட்டமா? வளாகப் பேச்சுரிமைக்கு எது தாங்கும்

பல்கலைக்கழகக் கையேடுகள் இரண்டு வாக்குறுதிகளை அடுத்தடுத்த வரிகளில் அச்சடிக்கின்றன. இங்கே எதையும் விவாதிக்கலாம். இங்கே யாரும் இழிவுபடுத்தப்பட மாட்டார்கள். இரண்டும் மோதாதவரை எல்லாக் கையேடும் நல்ல கையேடுதான். மோதினால் டீன் அலுவலகம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அமெரிக்காவும் இங்கிலாந்தும் வெவ்வேறு வழிகளைச் செய்து பார்த்துவிட்டன. புண்படுத்தும் பேச்சை வரையறுத்துத் தண்டிப்பது மிச்சிகன் வழி. பேச்சில் கைவைக்காமல் ஒதுங்குவது சிகாகோ வழி. பேச்சைக் காப்பதையே சட்டக் கடமையாக்கியது இங்கிலாந்து. நம் ஊரில் பெரும்பாலும் இருப்பது நான்காவது வழி: முன் அனுமதி.

கொள்கை வாசகத்தின் அழகைப் பார்த்து இவற்றை எடைபோட்டால் ஏமாந்துபோவோம். புகார் யார் மேசைக்குப் போகிறது, அந்த மேசைக்கு என்ன அதிகாரம், கூட்டத்துக்கு எதிர்ப்பு வந்தால் பாதுகாப்புச் செலவு யார் தலையில் விழுகிறது, ஓரங்கட்டப்பட்ட மாணவர் கையில் கடைசியில் என்ன மிஞ்சுகிறது: பார்க்க வேண்டியவை இவை.

மிச்சிகன்: நல்ல நோக்கம், தளர்ந்த வினைச்சொல்

1987 தொடக்கத்தில் ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மக்களை வேட்டையாடலாம் என்று ஒரு துண்டறிக்கை சுற்றியது. மாணவர் வானொலியில் நிறவெறி நகைச்சுவை ஒலிபரப்பானது. அதன் விளைவாக 1988-இல் ஒரு விதி வந்தது. வகுப்பறை, நூலகம், ஆய்வகம் போன்ற இடங்களில் இனம், மதம், பாலினம், பாலீர்ப்பு போன்றவற்றின் பேரில் ஒருவரை இழிவுக்கு ஆளாக்கும் பேச்சும் செயலும் குற்றம். தண்டனை எழுத்துவழிக் கண்டனத்தில் தொடங்கி வெளியேற்றம் வரை போகலாம்.

சிக்கல் அந்த ‘இழிவுக்கு ஆளாக்கும்’ என்ற சொற்றொடரில் இருந்தது. விதியை விளக்க நிர்வாகம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இந்தத் துறையில் பெண்கள் ஆண்கள் அளவுக்குத் தேற மாட்டார்கள் என்று வகுப்பில் ஒரு மாணவர் சொல்வது, மீறலுக்கான உதாரணங்களில் ஒன்று. உயிரியல் சார்ந்த உளவியல் படித்த ஓர் ஆய்வு மாணவர், பாலினங்களுக்கும் இனங்களுக்கும் இடையே உயிரியல் வேறுபாடு பேசும் கோட்பாடுகளை வகுப்பில் விவாதித்தாலே மாட்டிக்கொள்வோமே என்று பெயர் வெளியிடாமல் வழக்குப் போட்டார். புண்படுத்தும் பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு, இழிவுபடுத்தும் பேச்சுக்கு இல்லை என்கிறீர்களே, இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள் என்று விசாரணையில் கேட்டபோது பல்கலைக்கழக வழக்கறிஞர் தந்த பதில்: மிகவும் கவனமாக. 1989-இல் நீதிபதி ஏவர்ன் கோன் பேச்சு தொடர்பான பகுதியை ரத்து செய்தார்.

விதியை நடைமுறைப்படுத்திய விதமும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. விதி எழுதுவோர் படிக்க வேண்டிய பகுதி அதுதான். பல் மருத்துவ வகுப்பு ஒன்றின் தொடக்கக் கலந்துரையாடலில், சிறுபான்மை மாணவர்கள் இந்தப் பாடத்தில் சிரமப்படுவதாகவும் அவர்கள் நியாயமாக நடத்தப்படுவதில்லை என்றும் கேள்விப்பட்டேன் என்று ஒரு மாணவர் சொன்னார். பாடம் எடுத்தவர் தாமே சிறுபான்மையினர். தம் பணி நிரந்தரத்துக்கு இது கேடு என்று புகார் செய்தார். மாணவரை அழைத்து ‘ஆலோசனை’ சொன்னார்கள். மன்னிப்புக் கடிதம் எழுத அவர் ஒப்புக்கொண்டார். முறையான விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. ஆனால் அடுத்த வருடம் அந்த வகுப்பில் வாய் திறக்க யாருக்குத் துணிச்சல் வரும்? வெளியேற்றம் என்ற பெரிய தண்டனையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் வாயைக் கட்டுவது அலுவலகத்திலிருந்து வரும் ‘கொஞ்சம் வந்து பேசிவிட்டுப் போங்கள்’ என்ற அழைப்புதான்.

முப்பது வருடம் கழித்து இதே பல்கலைக்கழகத்தில் இதே கோளாறு வேறு பெயரில் வந்தது. பாகுபாட்டுப் புகார்களை வாங்கிய குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இருக்கவில்லை. ஆனால் அது ஒருவரைச் சந்திக்க அழைக்க முடிந்தது, வேறு அலுவலகத்துக்கோ காவல்துறைக்கோ விவகாரத்தை அனுப்ப முடிந்தது. அதுவே மாணவரை மிரட்டப் போதும் என்றது 2019-இல் ஆறாவது வட்ட (பிராந்திய) கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் இதேபோன்ற குழுவைப் பற்றி 2020-இல் ஏழாவது வட்ட நீதிமன்றம் அந்த அச்சத்தை ஏற்கவில்லை.

ஒரு முக்கியமான விவரம். பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் அரசுப் பல்கலைக்கழகங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். தனியார் கல்லூரி தன் கையேட்டில் என்ன வாக்குக் கொடுத்ததோ அதற்குத்தான் பொறுப்பு. கலிஃபோர்னியா விதிவிலக்கு: 1992-இல் வந்த லெனார்ட் சட்டம் சமயச் சார்பற்ற தனியார் கல்லூரிகளுக்கும் அதை நீட்டித்தது. ஸ்டான்ஃபோர்டின் பேச்சு விதி 1995-இல் அதனால்தான் விழுந்தது.

சிகாகோ: மூன்று பக்கம், உதவி ஏற்பாடு ஒன்றுமில்லை

2014-இல் சட்டப் பேராசிரியர் ஜெஃப்ரி ஸ்டோன் தலைமையில் சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு குழு அமைத்தது. 2015 ஜனவரியில் மூன்று பக்க அறிக்கை வந்தது. விரும்பத்தகாத, ஆழமாகப் புண்படுத்தும் கருத்துகளிடமிருந்துகூட ஆட்களைக் காப்பது பல்கலைக்கழகத்தின் வேலையல்ல என்பது அதன் சாரம். விலக்குகள் உண்டு: சட்டத்தை மீறும் பேச்சு, அவதூறு, உண்மையான மிரட்டல், துன்புறுத்தல், அந்தரங்கத்தைக் குலைப்பது, பல்கலைக்கழக இயக்கத்தையே முடக்குவது. நேரம், இடம், முறை ஆகியவற்றை நிர்வாகம் வரையறுக்கலாம். எதிர்ப்புத் தெரிவிக்கலாம், பேச்சைத் தடுக்கக் கூடாது. பிரின்ஸ்டனும் பர்டியூவும் அதே வருடம் ஏற்றன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதையோ இதைப் போன்றதையோ வைத்திருக்கின்றன.

இதற்கு அண்ணன் அதே பல்கலைக்கழகத்தின் 1967 கால்வன் அறிக்கை. அரசியல் விவகாரங்களில் பல்கலைக்கழகம் நிறுவனமாக வாய் திறக்காது, ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்ளட்டும் என்பது அதன் நிலை. இதன் மதிப்பு 2023 டிசம்பர் 5 அன்று புரிந்தது. யூத இனப்படுகொலைக்கு அறைகூவல் விடுத்தால் அது உங்கள் விதிமீறலா என்று நாடாளுமன்றக் குழு கேட்டபோது ஹார்வர்டு, பென்சில்வேனியா, எம்.ஐ.டி. தலைவர்கள் மூவரும் அது சூழலைப் பொறுத்தது என்ற தொனியில் பதில் சொன்னார்கள். முதல் திருத்தக் கண்ணோட்டத்தில் அந்தப் பதில் ஏறக்குறைய சரிதான். ஆனால் சின்னச் சின்னச் சொல்லுக்கெல்லாம் மூக்கை நுழைத்த வளாகங்கள் திடீரென்று ‘சூழல்’ பேசியதை யாரும் நம்பவில்லை. பென்சில்வேனியா தலைவர் நான்கே நாளில் பதவி விலகினார்.

சரி, சிகாகோவின் குறை? அறிக்கை தடையை நீக்குகிறது, உதவியைத் தருவதில்லை. குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்த மாணவர், வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பெண், விடுதியில் தனித்துவிடப்பட்டவர்: இவர்கள் யாரிடம் போவது என்று அதில் ஒரு வரி கிடையாது. இன்னொன்று, ‘நேரம், இடம், முறை’ என்ற மூன்று சொல்லுக்குள் நிர்வாகம் எதையும் அடக்கிவிடலாம். 2024 ஏப்ரல் இறுதியில் சிகாகோ வளாகத்தில் எழுந்த பாலஸ்தீன ஆதரவுக் கூடாரங்களை நிர்வாகம் சில நாள் பொறுத்தது. மே 7 அதிகாலையில் காவலர்கள் அகற்றினார்கள். அதன் பிறகு அமெரிக்காவில் சண்டை கருத்தைப் பற்றி நடப்பதைவிடக் கூடாரம், ஒலிபெருக்கி, முகமூடி, இரவு நேரம் பற்றித்தான் அதிகம் நடக்கிறது.

காசு என்று வந்தால்

வெறுக்கப்படும் பேச்சாளரை அழைத்தால் அழைத்த மாணவர் சங்கம் காவல் செலவைக் கட்ட வேண்டுமா? எதிர்ப்பு எவ்வளவு வரும் என்று கணித்து அதற்கேற்பக் கட்டணத்தை ஏற்றுவது பேச்சுக்கு விலை போடுவதாகும் என்று 1992-இல் ஃபோர்சித் கவுண்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, கட்டணம் அரங்கின் அளவு, நேரம், வருவோர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து மட்டுமே. மிச்சத்தைப் பல்கலைக்கழகம் சுமக்கும். 2017 செப்டம்பரில் பெர்க்லி வளாகத்தில் பழமைவாத விமர்சகர் பென் ஷபிரோ பேசிய ஒரு மாலைக்கு ஆன செலவு சுமார் 6 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். சிறு கல்லூரியால் இது முடியாது. பேச்சுரிமைக் கொள்கையை ஏற்கும் முன் நிதி அலுவலரைக் கேட்க வேண்டியதும் இதனால்தான்.

இங்கிலாந்து: ஒரே தேதியில் இரண்டு கடமைகள்

2023-இல் நிறைவேறிய உயர்கல்விப் பேச்சுச் சுதந்திரச் சட்டத்தை அடுத்து வந்த அரசு நிறுத்திவைத்தது. முக்கியக் கடமைகள் 2025 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்தன. சட்டத்துக்கு உட்பட்ட பேச்சைக் காக்க நியாயமாகச் சாத்தியமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும். விதிவிலக்கான சூழலைத் தவிரப் பாதுகாப்புச் செலவை அழைப்பாளர் மேல் சுமத்தக் கூடாது. துன்புறுத்தல் புகாரை வாய்மூடும் ஒப்பந்தத்தால் அமுக்கக் கூடாது. அதே ஆகஸ்ட் 1-இல் துன்புறுத்தலையும் பாலியல் அத்துமீறலையும் தடுப்பதற்கான தனி நிபந்தனையையும் இங்கிலாந்தின் உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பு முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே அமைப்பின் கீழ் இருப்பதே இந்த ஏற்பாட்டின் பலம்: ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக்கழிக்க முடியாது.

பலவீனம், பயம். புதிய கடமைகள் வருவதற்கு முன்பே, 2025 மார்ச்சில், சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்கு 5,85,000 பவுண்டு அபராதம் விழுந்தது. மாறிய பாலினத்தவர் சமத்துவக் கொள்கையில், பாடப்பொருள் அவர்களை நல்லவிதமாகவே காட்ட வேண்டும் என்ற ஒரு வாசகம் முக்கியக் காரணங்களில் ஒன்று. பல்கலைக்கழகம் எதிர்த்து நீதிமன்றம் போனது. இவ்வளவு பெரிய தொகை தலைக்குமேல் தொங்கும்போது பதிவாளர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு சுற்றறிக்கைகூட அனுப்ப மாட்டார்கள்.

முன் அனுமதி: சென்னை ஐ.ஐ.டி.

2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யின் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் அங்கீகாரம் இழந்தது. மத்திய அமைச்சகத்துக்குப் பெயரில்லாக் கடிதம் போனது, அமைச்சகம் அதை நிறுவனத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது, டீன் அலுவலகம் மின்னஞ்சலில் முடிவைச் சொன்னது. நாடு முழுக்கக் கண்டனம் எழ, ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பியது. அமெரிக்காவில் கனெக்டிகட் அரசுக் கல்லூரி ஒன்று மாணவர் அமைப்புக்கு அங்கீகாரம் மறுத்த ஹீலி வழக்கில் 1972-இலேயே உச்ச நீதிமன்றம் இந்த முறையைத் தலைகீழாக்கியிருந்தது: மறுப்பதற்கான காரணத்தை நிரூபிக்கும் சுமை கல்லூரியுடையது, மாணவருடையது அல்ல.

ஆனால் ஒரு விஷயத்தில் நம் விதி மிச்சிகனைவிடத் தேவலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 சமத்துவ விதிகள் ‘இழிவு’ என்று பொத்தாம்பொதுவாக விடாமல் செயல்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டன: வகுப்பில் மாணவரின் சாதியை அறிவிப்பது, ‘ரிசர்வ்டு’ என்று முத்திரை குத்துவது, விடுதியிலும் உணவுக்கூடத்திலும் பிரித்து உட்காரவைப்பது. இதில் எந்தக் கோட்பாட்டு விவாதமும் மாட்டாது. அதிகாரம் உள்ளவரின் கை மட்டும் கட்டப்படும். நன்றாக எழுதிய விதி, பல வளாகங்களில் அலமாரியில் தூங்கியது. 2026 ஜனவரியில் வந்த புதிய விதிகளை உச்ச நீதிமன்றம் அதே மாதம் நிறுத்திவைத்து 2012 விதிகளையே தொடரச் சொன்னது.

கையேடு எழுதுவோருக்கு

எங்கள் தேர்வு: பேச்சுக்குச் சிகாகோ விலக்குகள், ஆசிரியர் மற்றும் விடுதி நிர்வாகத்துக்கு 2012 விதி போன்ற செயல் பட்டியல். மாணவருக்கிடையேயான துன்புறுத்தலுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999-இல் டேவிஸ் வழக்கில் வைத்த அளவுகோல் போதும்: கடுமையானதாக, பரவலானதாக, நடுநிலையாகப் பார்த்தாலும் புண்படுத்துவதாக இருந்து, ஒருவரின் கல்வி வாய்ப்பையே பறிப்பது. இந்த நான்கையும் ‘அல்லது’ போட்டு இணைத்தால் மறுபடி மிச்சிகன்தான். ‘மற்றும்’ வர வேண்டும்.

புகார் வாங்கும் அலுவலகமும் தண்டிக்கும் அலுவலகமும் வெவ்வேறு கட்டிடத்தில் இருப்பது நல்லது. முதலாவதன் வேலை புகார் செய்தவரைக் கவனிப்பது: வகுப்புப் பிரிவு மாற்றம், விடுதி அறை மாற்றம், தேர்வுத் தேதித் தளர்வு. இவற்றுக்கு எதிர்த்தரப்பைக் கூப்பிடவே வேண்டியதில்லை. எதிர்த்தரப்பை அழைப்பதானால் எழுத்தில், எந்த விதி, எந்தத் தேதிச் சம்பவம் என்று குறிப்பிட்டு, வர மறுத்தால் பாதகம் இல்லை என்ற வரியோடு அழைக்க வேண்டும்.

அரங்க விண்ணப்பத்தில் தலைப்பைக் கேட்கலாம், உரையைக் கேட்கக் கூடாது. பதிலுக்கு ஒரு கெடு வைத்து, அதற்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ள வேண்டும். மறுப்பு காரணத்தோடு எழுத்தில் வர வேண்டும். அந்தக் கெடு இல்லாத இடத்தில் யாரும் மறுப்பதில்லை, கோப்பை நகர்த்தாமல் விட்டுவிடுகிறார்கள்.

கூச்சல் கிளம்பினால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எச்சரிப்பவர் யார், எத்தனை எச்சரிக்கை, யார் வெளியேற்றுவது, வாசலுக்கு வெளியே எதிர்ப்பாளர்களுக்கு எந்த இடம். 2017 மார்ச்சில் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் சர்ச்சைக்குரிய எழுத்தாளர் சார்லஸ் மரேயைப் பேசவிடாமல் கூச்சலிட்டபோது உரையைப் பூட்டிய அறையிலிருந்து நேரலையாக நடத்தி முடித்தார்கள், அதுவரை சமாளித்துவிட்டார்கள். அடிதடி நடந்தது அதற்குப் பிறகு, கட்டிடத்திலிருந்து காருக்குப் போகும் வழியில். உடன் சென்ற பேராசிரியைக்குக் கழுத்தில் காயம். பாதுகாப்புத் திட்டத்தில் மேடைக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் வெளியேறும் வழிக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.