குதிரையில் கேதார்நாத்: ஏறினது ஒரு மாதிரி, இறங்கினது வேறு மாதிரி

மெல்பர்னிலிருந்து இந்தத் தடவை ஊருக்கு வந்தபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கேதாரம் போகணும்டி, முழங்கால் முழுசாப் போறதுக்குள்ள." கும்பகோணத்தில் தேவாரம் கேட்டே வளர்ந்தவள். சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்துகொண்டே பாடின தலம் அது, அங்கே நேரில் போய் நிற்கணும் என்பது அவளுடைய நாற்பது வருட ஆசை. வயது எழுபத்தொன்று. சோன்பிரயாகிலிருந்து கோயில் வரை 12.9 கிலோமீட்டருக்கு ரோப்கார் போட 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது, அது வரட்டும் என்று தம்பி சொல்லிப் பார்த்தான். "அது வர வரைக்கும் நான் இருக்கணுமே" என்றாள், அவன் வாயை மூடிக்கொண்டான். ஹெலிகாப்டருக்கு அவளே மாட்டேன் என்றாள். 2025 ஜூன் மாதம், மலைப்பாதை தொடங்குகிற கௌரிகுண்ட் பக்கத்தில் ஒன்று விழுந்து ஏழு பேர் இறந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தாள். மிச்சம் இருந்தது குதிரைதான்.

செப்டம்பர் கடைசி வாரம் போனோம். மழை ஓய்ந்து, கூட்டமும் குறைந்திருந்தது. மே, ஜூனில் போனவர்கள் சொல்லும் நெரிசலைக் கேட்டால், வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த மாதத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். யாத்திரைப் பதிவை முன்கூட்டியே ஆன்லைனில் முடித்துவிடுங்கள், அது கட்டாயம். சொந்தக் காரோ வாடகைக் காரோ சோன்பிரயாகோடு சரி, அங்கிருந்து கௌரிகுண்டுக்கு ஐந்து கிலோமீட்டர் ஷேர் ஜீப்பில்தான் போக வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கே அதற்கு வரிசை நிற்கிறது.

குதிரை என்று சொல்கிறோமே, பெரும்பாலும் அவை கோவேறு கழுதைகள். அங்கே கச்சர் என்கிறார்கள். கவுண்டரில் பணம் கட்டினால் சீட்டு தருவார்கள், ஏறுவதற்கு மட்டும் ஆளுக்கு மூவாயிரத்தை ஒட்டி ஆயிற்று. கவுண்டருக்கு வெளியே நின்று கூப்பிடுகிறவர்களிடம் போகாதீர்கள். ஏதாவது நடந்தால் கேட்க ஆள் இருக்காது. ஆனால் சீட்டு கையில் இருந்துவிட்டால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்ததுதான் என் தப்பு, அதை அப்புறம் சொல்கிறேன்.

எங்களுக்கு வந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது, நேபாளத்திலிருந்து சீசனுக்கு வருகிறவன். அம்மாவின் கச்சருக்கு அவன், என்னுடையதற்கு அவன் அண்ணன். ஏற்றி உட்கார வைப்பதற்கு முன்னால் அவன் செய்ததை அப்படியே எழுதுகிறேன், இதுதான் முக்கியம். சேணத்தின் கீழே கம்பளியை உதறி மறுபடி போட்டான், வயிற்றுப்பட்டையை இழுத்துக் கட்டினான், அம்மா ஏறினபின் ஐம்பது அடி நடத்திவிட்டு நிறுத்தி இன்னொரு தடவை இறுக்கினான். கட்டும்போது கச்சர் வயிற்றை உப்பிக்கொள்ளும், நாலு எட்டு நடந்த பிறகுதான் பட்டை எவ்வளவு தளர்ச்சி என்று தெரியும் என்று அவன் அண்ணன் எனக்கு இந்தியில் விளக்கினான். சேணம் முன்னால் சரியாமல் இருக்க வாலுக்கு அடியில் போகும் வாரையும் பார்த்தான். அம்மாவின் பாதம் முழுக்க அங்கவடிக்குள் போய்விடாமல், முன்பாதம் மட்டும் நிற்கிற மாதிரி வைத்தான். விழ நேர்ந்தால் கால் மாட்டிக்கொள்ளக் கூடாதாம்.

கௌரிகுண்டிலிருந்து கோயிலுக்குப் பதினாறு கிலோமீட்டர். கோயில் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில். பாதை முழுக்க வெறும் கல், படி மாதிரி வெட்டின இடமும் உண்டு, உருண்டைக் கல்லைப் பதித்த இடமும் உண்டு, மேலிருந்து கசியும் தண்ணீரும் சாணியும் சேர்ந்து லாடம் சறுக்குகிற சத்தம் நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்கும், ஒவ்வொரு தடவையும் என் வயிற்றுக்குள் ஏதோ செய்தது. இதைவிடப் பயம், கச்சர் எப்போதும் பள்ளத்து ஓரமாகவே நடந்தது. இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் கீழே மந்தாகினி ஆறு, அது ஏன் அந்தப் பக்கமே போகிறது என்று கத்திவிட்டேன். மூட்டை சுமந்து பழகின பிராணி, மலைப்பக்கம் போனால் மூட்டை பாறையில் இடிக்கும் என்று அதற்குத் தெரியும், அந்தப் பழக்கம்தான் என்றான் அண்ணன். கடிவாளத்தை நாம் இழுக்கக் கூடாது. ஏற்றத்தில் உடம்பை முன்னால் சாய்த்து, இறக்கத்தில் பின்னால் சாய்த்து, அதன் தலையை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். நின்று இறங்குவதானால் மலைப்பக்கம் மட்டும்தான் இறங்க வேண்டும். இந்த ஒன்றை யாரும் கவுண்டரில் சொல்வதில்லை.

ராம்பாராவில் பாலம் தாண்டி ஆற்றின் மறுபக்கம் போகிறது பாதை. 2013 ஜூன் வெள்ளத்தில் அந்த ஊரே அடித்துக்கொண்டு போயிற்று, பழைய பாதையும் போயிற்று, இது அதற்கப்புறம் போட்டது. அங்கிருந்து லிஞ்சோலி வரை ஏற்றம் செங்குத்து. பையன் அங்கே இரண்டு இடத்தில் நிறுத்தி, கச்சருக்குத் தண்ணீர் காட்டி, அது மூச்சு வாங்கி முடிக்கும் வரை நின்றான். பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள். அவன் நகரவில்லை. இந்தப் பாதையில் கச்சர்கள் சுருண்டு விழுந்து செத்திருக்கின்றன. 2025 மே மாதம் தொற்று வந்து குதிரைகள் இறந்து சேவையையே நிறுத்தி வைத்தார்கள். ஒரே பிராணியை ஒரே நாளில் இரண்டு நடை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏறுவதற்கு முன் அதன் முதுகில் புண் இருக்கிறதா, கால் நொண்டுகிறதா என்று நீங்களே பாருங்கள், இருந்தால் வேறு கேளுங்கள். நாம் கேட்டால்தான் மாற்றுவார்கள்.

ஆறு மணி நேரம் ஆயிற்று. கோயிலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே குதிரை நிற்கும் இடம் வந்துவிடும், அப்புறம் நடைதான். தரிசனத்தைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. அம்மா அங்கே நின்று அழுததைப் பார்த்தேன், அது போதும்.

மறுநாள் இறக்கம். பையனையும் அண்ணனையும் முதல் நாளே கீழே அனுப்பிவிட்டோம், மேலே குளிரில் கச்சருக்கு இடமில்லை என்றார்கள். அதனால் வேறு சீட்டு, வேறு ஆள். இரண்டு கச்சருக்கும் சேர்த்து ஒரே ஆள். அப்போதே நான் மறுத்திருக்க வேண்டும். பட்டையை ஒரு தடவை கட்டினதோடு சரி, வால்வார் என்று ஒன்று இருந்ததா என்றே பார்க்கவில்லை. ஜங்கிள் சட்டி என்கிற இடத்துக்கு மேலே ஒரு படி இறக்கத்தில் அவர் போன் பேசிக்கொண்டே இருபது முப்பது அடி பின்தங்கிவிட்டார், அம்மாவின் சேணம் கச்சரின் கழுத்துப் பக்கம் சரிந்தது, "புடிடி" என்று ஒரு சத்தம்தான் கேட்டேன். நல்லவேளை, மலைப்பக்கம் விழுந்தாள். முழங்கையிலும் தோளிலும் சிராய்ப்பு. எதிரே காலி டண்டியோடு, அதாவது ஆளை உட்கார வைத்துத் தூக்கிப் போகும் பல்லக்கோடு, ஏறிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பாய்ந்து கடிவாளத்தைப் பிடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னும் நினைக்காத இரவில்லை. மிச்சம் நான்கு கிலோமீட்டரை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கினாள், மூன்றரை மணி நேரம்.

முழங்கால் வலிக்காரர்களை இறக்கத்தில் குதிரையில் ஏற்றவே ஏற்றாதீர்கள். நான்கு பேர் தூக்கும் டண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். விலை பல மடங்குதான், கொடுங்கள். குதிரைதான் என்றால் ஒரு பிராணிக்கு ஓர் ஆள் வேண்டும், அவர் கை கடிவாளத்தில் இருக்க வேண்டும், அதற்குக் குறைந்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கௌரிகுண்டில் சீட்டையும் கச்சரின் எண்ணையும் காட்டிப் புகார் கொடுத்தேன். ஒரு மணி நேரம் வாக்குவாதம், கடைசியில் பாதிப் பணம் திரும்பி வந்தது. அம்மா அதை எண்ணக்கூட இல்லை, "நேத்து வந்த புள்ளைகிட்ட குடுத்துட்டு வரலாம்" என்றாள். சாயங்காலம் வரை டீக்கடையில் காத்திருந்தோம். ஐந்து மணிக்கு மேல், யாரையும் ஏற்றாத கச்சரின் பக்கத்தில் நடந்தே இறங்கி வந்தான் அவன். பணத்தை முதலில் வாங்கவில்லை. அம்மா அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கையிலிருந்த வெல்லத்தைக் கச்சரின் வாய்க்கு நேரே நீட்டினாள்.