மலைச்சிங்கம் எதிரே வந்தால்: ஓட்டமா, ஸ்ப்ரேயா, துப்பாக்கியா, தடியா?

அமெரிக்காவில் கலிபோர்னியா, வாஷிங்டன், கொலராடோ பக்கம் வார இறுதியில் மலையேறப் போகிறவர்களுக்கு, ட்ரெயில் தொடங்கும் இடத்தில் நிற்கும் எச்சரிக்கைப் பலகை பழகிப்போன ஒன்று. மலைச்சிங்கம் (பூனை இனத்துப் பெரிய வேட்டை விலங்கு) நடமாடும் பகுதி, ஓடாதீர்கள், குனியாதீர்கள், தாக்கினால் திருப்பித் தாக்குங்கள் என்று அதில் இருக்கும். படித்துவிட்டு, ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுவோம். விவாதமெல்லாம் திரும்பி வரும்போது காரில்தான். ஓடினால் நிஜமாகவே ஆபத்தா? கரடி ஸ்ப்ரே போதுமா? துப்பாக்கி இருந்தால் கவலையே இல்லையா? கூட்டத்தில் ஒருவராவது “அதெல்லாம் பெரிய பூனை, ஒரு சத்தம் போட்டால் ஓடிவிடும்” என்பார். அவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

முதலில் பயத்தை அளவோடு வைத்துக்கொள்வோம். 1890-லிருந்து கணக்கெடுத்தாலும், வட அமெரிக்கா முழுவதிலும் மலைச்சிங்கம் தாக்கி இறந்தவர்கள் ஏறக்குறைய முப்பது பேர்தான். காட்டில் வழி தவறியும், பாறையில் வழுக்கியும், வெயிலில் சுருண்டும் சாகிறவர்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அரிதாக நடப்பது நடக்கும்போது யோசிக்க நேரம் கொடுப்பதில்லை. அதனால் யோசனையை இப்போதே முடித்துவிடலாம்.

கூகர், பூமா என்று சொல்வதெல்லாம் இதே விலங்கைத்தான். வளர்ந்த ஆண் 50 கிலோவிலிருந்து 100 கிலோ வரை இருக்கும், பெண் அதைவிடச் சிறியது. மான்தான் இதன் முக்கிய இரை. துரத்தித் துரத்தி ஓடவிட்டுப் பிடிக்கும் பழக்கம் இதற்குக் கிடையாது. மறைவிலிருந்து நெருங்கி வந்து, பின்னாலிருந்து பாய்ந்து, பிடரியிலோ தொண்டையிலோ பல்லைப் பதிக்கும். புலி பதுங்குவது பாய்வதற்கு என்பது இதற்கும் அப்படியே பொருந்தும். ஆகவே சந்திப்பில் இரண்டு வகை உண்டு: நீங்கள் அதைப் பார்த்துவிட்டது ஒன்று, பார்க்காமலே அது உங்கள் மேல் விழுந்தது இன்னொன்று. எந்த ஆயுதம் சிறந்தது என்று கேட்கும்போது பலரும் முதல் வகையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். இரண்டாவது வகையில், பைக்குள் இருக்கும் எதுவும் இல்லாததற்குச் சமம்.

ஓடுவதா, நிற்பதா?

வனத்துறைகள் எல்லாம் ஒரே குரலில் சொல்வது: ஓடாதே. ஓடும் உருவத்தைக் கண்டால் பூனை இனத்துக்குத் துரத்தும் புத்தி வந்துவிடும் என்பது காரணம். 2018 மே மாதம் வாஷிங்டன் மாநிலத்தின் நார்த் பெண்ட் அருகே நடந்தது இதற்குக் கொடூரமான சாட்சி. சைக்கிளில் போன இரண்டு நண்பர்களை ஒரு மலைச்சிங்கம் பின்தொடர்ந்தது. இருவரும் இறங்கி நின்று, சத்தம் போட்டு, சைக்கிளைக் கொண்டே விரட்டினார்கள். அதுவும் போய்விட்டது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது திரும்பி வந்து ஒருவர் தலையைக் கவ்வியது. மற்றவர் ஓடினார். அது கவ்வியிருந்தவரை விட்டுவிட்டு ஓடியவரைத் துரத்திப் போய்க் கொன்றது. அந்த மாநிலத்தில் 94 ஆண்டுகளில் அதுதான் முதல் சாவு.

ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆய்வு இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் காஸும் அவரது குழுவும் 1890 முதல் 2000 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த 185 தாக்குதல்களை அலசி, 2009-இல் வெளியிட்டார்கள். ஓடியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் காயமின்றித் தப்பியிருந்தார்கள். மோசமாகக் காயம்பட்டவர்கள் அதிகம் இருந்தது ஓடியவர்களிடம் அல்ல, உறைந்துபோய் அசையாமல் நின்றவர்களிடம்.

இதைப் படித்துவிட்டு “அப்போ ஓடலாம்” என்று முடிவு கட்டுவது அவசரம். ஓடித் தப்பியவர்களில் சிலருக்குக் கார் கதவோ வீட்டு வாசலோ பக்கத்தில் இருந்திருக்கலாம். என் கணக்கில் அந்த ஆய்வு சொல்லும் சேதி வேறு: சிலைபோல நிற்காதே. பலகையில் ஓடாதே என்று இருப்பதைப் பலர் ஆடாதே அசையாதே என்று எடுத்துக்கொள்கிறார்கள். மானும் அப்படித்தான் பயந்தால் அசையாமல் நிற்கும். முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டு, கையை உயர்த்தி, கத்திக்கொண்டே பின்வாங்குவதுதான் பலகை சொல்ல வருவது. நீங்கள் ஏறிக் கதவைச் சாத்தக்கூடிய கார் நாலடி தூரத்தில் இருந்தால் ஓடுங்கள். மற்றபடி, மேடுபள்ளமான ட்ரெயிலில் மலைச்சிங்கத்தோடு ஓட்டப்பந்தயம் வேண்டாம்.

செத்ததுபோலப் படுத்துக்கொள்வது என்ற யோசனையையும் இங்கேயே தள்ளிவிடலாம். அது தன் குட்டியைக் காக்கத் தாக்கும் கிரிஸ்லி கரடிக்கான தந்திரம். அசைவில்லாத எதிரி அந்தக் கரடிக்கு ஆபத்தில்லாதவன். மலைச்சிங்கத்துக்கோ, படுத்துக் கிடப்பது வேலையை மிச்சப்படுத்திக் கொடுத்த இரை.

சத்தம்

கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் மலைகளில் நடந்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 2017-இல் வெளியானது. மலைச்சிங்கங்கள் மானைக் கொன்று வைத்திருந்த இடங்களில் ஒலிபெருக்கியையும் கேமராவையும் வைத்தார்கள். விலங்கு தின்ன வரும்போது ஒருமுறை மனிதர் பேசும் குரல், இன்னொருமுறை தவளைச் சத்தம். மனிதக் குரலுக்குப் பத்தில் எட்டு முறைக்கு மேல் தின்பதை விட்டு ஓடின. தவளைக்கு ஒரே ஒரு முறைதான் ஓடியது. கத்தக்கூட வேண்டியதில்லை, சாதாரணப் பேச்சே போதுமாக இருந்தது. ட்ரெயிலில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வரும் நம் ஆட்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இதன் எல்லை எங்கே என்றால், இன்னும் முடிவெடுக்காத விலங்கிடம்தான் சத்தம் செல்லும். 2024 மார்ச்சில் கலிபோர்னியாவின் ஜார்ஜ்டவுன் அருகே மான் கொம்பு பொறுக்கப் போன அண்ணன் தம்பி இருவர், சொல்லிக்கொடுத்தபடியே கையை உயர்த்திக் கத்தினார்கள். அப்படியும் அது பாய்ந்தது. 21 வயது அண்ணன் இறந்தார், தம்பி முகத்தில் பலத்த காயத்தோடு பிழைத்தார். கலிபோர்னியாவில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நிகழ்ந்த சாவு அது.

வேலை செய்ததற்கும் ஒரு காட்சி உண்டு. 2020 அக்டோபரில் யூட்டாவின் புரோவோ அருகே ஸ்லேட் கேன்யனில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர், வழியில் தெரிந்த குட்டிகளைப் படம் பிடிக்க நெருங்கினார். தாய் வந்தது. ஆறு நிமிடம் அவர் பின்னோக்கி நடந்துகொண்டே கத்த, அது அவ்வப்போது முன்காலைத் தரையில் அறைந்து பாய்வதுபோல் வந்து வந்து நின்றது. கடைசியில் அவர் ஒரு கல்லை எடுத்து எறிய, திரும்பி ஓடியது. அந்தத் தாய் அவரைத் தின்ன வரவில்லை. குட்டிகளிடமிருந்து தள்ளிவிட வந்தது. அவர் எடுத்த வீடியோவில் கவனிக்க வேண்டியது கல்லெடுக்க அவர் எடுத்துக்கொண்ட நேரம். குனிந்தால் உருவம் சிறுத்து நாலுகால் இரைபோல் ஆகிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். கையில் ஹைக்கிங் கோல் இருந்தால் குனிய வேண்டிய அவசியமே வராது.

ஸ்ப்ரேயா, துப்பாக்கியா?

கரடி ஸ்ப்ரே என்பது மிளகாயின் காரச்சத்தை அழுத்தி அடைத்த டப்பா. எட்டு, ஒன்பது மீட்டர் வரை புகைமூட்டம்போல் போகும், சில விநாடிகளில் தீர்ந்துவிடும். வறமிளகாய் வறுக்கும் நெடியில் வீடே இருமியதைப் பார்த்தவர்களுக்கு இதன் வேலையை விளக்கத் தேவையில்லை. மலைச்சிங்கத்திடமும் இது பலிக்கும். குறி துல்லியமாக இருக்க வேண்டாம், தப்பித்தவறி நண்பர்மேல் பட்டாலும் உயிர் போகாது. குறைகளும் இருக்கின்றன. எதிர்க்காற்று அடித்தால் கண்ணெரிச்சல் நமக்கு. காலாவதித் தேதி உண்டு. விமானத்தில் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள், போய்ச் சேர்ந்த ஊரில்தான் வாங்க வேண்டும். யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் அனுமதியே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை நம்முடையது: பைக்குள் தண்ணீருக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் நடுவே போட்டுவைப்பது. நெஞ்சுப் பட்டையிலோ இடுப்பிலோ மாட்டி, பாதுகாப்பு மூடியை ஒற்றை விரலால் தள்ளிப் பழகியிருந்தால்தான் அது ஆயுதம்.

துப்பாக்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 முதல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம், ஆனால் பெரும்பாலான பூங்காக்களில் சுடக்கூடாது. 1990-இல் மக்கள் வாக்களித்துக் கலிபோர்னியாவில் மலைச்சிங்க வேட்டையைத் தடை செய்தார்கள். உயிரைக் காக்கச் சுடுவது வேறு விஷயம், அதற்கு இடமுண்டு. சட்டத்தை விடுங்கள். பாய்ந்து வரும் விலங்கைக் கைத்துப்பாக்கியால் சுட நல்ல பயிற்சி வேண்டும். அது ஏற்கெனவே நண்பரின் கழுத்தைக் கவ்விக்கொண்டு புரண்டால் யாரைக் குறிபார்ப்பது? இருவரும் ஒரே உருண்டையாகக் கிடக்கும்போது ஸ்ப்ரேயை அடிக்கலாம், தடியால் குத்தலாம், தோட்டாவை விட முடியாது. நன்றாகச் சுடத் தெரிந்த, ஆளில்லாத காட்டில் வேட்டைக்குப் போகிறவருக்கு அது சரி. சனிக்கிழமை ஹைக்கிங் குழுவுக்கு நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கைக்குக் கிடைத்தது, கூட வந்தவர்

தப்பிப் பிழைத்தவர்களின் கதைகளை வரிசையாகப் பார்த்தால் ஆயுதக் கடையில் வாங்கிய பொருள் அதிகம் வருவதில்லை. 2007 ஜனவரியில் வட கலிபோர்னியாவின் பிரெய்ரி கிரீக் பூங்காவில் எழுபது வயதுக்காரர் ஒருவரின் தலையை மலைச்சிங்கம் கவ்வியது. அவர் மனைவி கீழே கிடந்த மரக்கட்டையை எடுத்து அடித்தார். கணவரின் சட்டைப்பையில் இருந்த பேனாவால் அதன் கண்ணில் குத்தினார், பேனா வளைந்துபோனது. மறுபடி கட்டையை எடுத்து, அது விடும்வரை விடாமல் அடித்தார். 2019-இல் கொலராடோவின் ஹார்ஸ்டூத் மலையில் தனியாக ஓடியவர் தன் மணிக்கட்டைக் கவ்விய இளங்குட்டியைக் கல்லால் அடித்துப் பார்த்தார், சுள்ளியால் குத்திப் பார்த்தார், கடைசியில் கழுத்தை மிதித்து மூச்சை நிறுத்தினார். அது வளர்ந்த விலங்காக இருந்திருந்தால் கதை வேறு. தனியாகப் போகிறவர்கள் இவரை உதாரணம் காட்டும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால் இந்த ஒப்பீட்டையே தீர்த்துவைப்பது 2024 பிப்ரவரியில் வாஷிங்டனின் ஃபால் சிட்டி அருகே நடந்தது. ஐந்து பெண்கள் சைக்கிளில் போனார்கள். ஒருவர் மேல் மலைச்சிங்கம் பாய்ந்து தாடையைக் கவ்வித் தரையில் அழுத்தியது. மற்ற நால்வரும் ஓடவில்லை. தடியால் குத்தினார்கள், சின்னக் கத்தியால் குத்தினார்கள், பெரிய கல்லைத் தூக்கி அதன் தலையில் போட்டார்கள். கால் மணி நேரம் அது பிடியை விடவில்லை. ஒருவழியாகக் கவ்வப்பட்டவர் விடுபட்டதும், ஒரு சைக்கிளை அதன் மேல் போட்டு எல்லாரும் ஏறி அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அதிகாரி வந்து சுடும்வரை அப்படியே இருந்தார்கள். கவ்வப்பட்டவர் பிழைத்தார். இதைத் தனியாளாக எந்தக் கருவியை வைத்துக்கொண்டு செய்வது?

ஆகவே என் வரிசை இதுதான்: கூட வரும் ஆள், கையிலேயே இருக்கும் கோல், நெஞ்சில் மாட்டிய ஸ்ப்ரே. துப்பாக்கிக்கு என் பட்டியலில் இடமில்லை. ஒரு காதிலாவது இயர்போனைக் கழற்றிவிடுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நாயைத் துணை என்று சேர்க்கலாமா? 2022-இல் கலிபோர்னியாவின் டிரினிட்டி பகுதியில் எஜமானியைத் தாக்கிய மலைச்சிங்கத்தை அவருடைய நாய் எதிர்த்துப் பாய்ந்தது. அவர் பிழைத்தார், நாய் சில வாரங்களில் இறந்தது. நன்றியுள்ள ஜீவன்தான், ஆனால் கயிறில்லாமல் புதரில் மேயும் நாய், பதுங்கியிருப்பதைக் கிளப்பி உங்களிடமே கூட்டிவரும்.

குழந்தைகள் விஷயம் தனி. உருவம் சிறியது, ஓட்டம் அதிகம். 2020 பிப்ரவரியில் சிலிக்கான் வேலியை ஒட்டிய ரேஞ்சோ சான் அன்டோனியோவில், நம்மவர்கள் வாராவாரம் குவியும் அதே ட்ரெயிலில், குழுவோடு போன ஆறு வயதுச் சிறுமியை மலைச்சிங்கம் கவ்வியது. பக்கத்தில் இருந்த பெரியவர் அதன் விலாவில் குத்தியதும் விட்டுவிட்டது. பக்கத்தில் என்பதுதான் முக்கியம். குழந்தை முன்னால் ஓடிப்போய் வளைவில் மறைந்திருந்தால் எந்த ஸ்ப்ரேயும் எட்டாது. பெரியவர் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே, பிள்ளைகள் நடுவே. அந்தி சாயும் நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அது விட்டுவிட்டுப் போன பிறகும் வேலை இருக்கிறது. எல்லாரும் சேர்ந்தே வெளியேறுங்கள், உடனே ரேஞ்சரிடம் சொல்லுங்கள். காயம்பட்டவரின் உடையைத் துவைத்துவிடாதீர்கள், அதில்தான் விலங்கின் டிஎன்ஏ இருக்கும். 2021-இல் கலிபோர்னியாவின் கலாபசாஸில் வீட்டு முற்றத்திலிருந்து ஐந்து வயதுச் சிறுவனை மலைச்சிங்கம் இழுத்துக்கொண்டு போனபோது, தாய் ஓடிவந்து வெறுங்கையால் அடித்து மீட்டார். அதிகாரிகள் வந்து ஒன்றைச் சுட்டார்கள், அங்கே திரிந்த இன்னொன்றை மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். சுடப்பட்டதன் நகத்தடியில் சிறுவனின் டிஎன்ஏ இருந்தது உறுதியானதும், மற்றதைக் காட்டிலேயே விட்டுவிட்டார்கள்.