"அன்லிமிடெட் மேப் ஏபிஐ" வாங்கப் போகிறீர்களா? என் 42,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

வெப் டெவலப்பர்கள், முக்கியமாக ஃப்ரீலான்ஸ் செய்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். மேப் ஏபிஐ என்றால் நாம் செய்யும் தளத்துக்குள் மேப்பைக் கொண்டுவந்து காட்ட உதவும் சேவை. வாங்கும் முன் என்னென்ன சோதிக்க வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கோவையில் வாட்டர் கேன் போடும் ஒருவருக்கு ஆர்டர் தளம் செய்து கொடுத்தேன். முகவரியை டைப் செய்தால் மேப்பில் பின் விழ வேண்டும். கூகுள் மேப்ஸ் என்றால் 2018-லிருந்து பில்லிங் கணக்கு கட்டாயம், இலவச அளவைத் தாண்டினால் மீட்டர் ஓடும். மாதத்துக்கு மாதம் மாறுகிற பில் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அப்போதுதான் மேப் ஏபிஐ விற்கும் ஒரு இணையதளம் கண்ணில் பட்டது. வருடத்துக்கு 42,000 ரூபாய். டைல் (மேப்பைச் சேர்த்துக் காட்டும் சதுரத் துண்டுப் படங்கள்), ஜியோகோடிங் (முகவரியை மேப்பில் இடமாக மாற்றுவது) எல்லாம் அன்லிமிடெட்.

விற்பனை ஆள் வீடியோ காலில் வந்தார். காந்திபுரம் கிராஸ் கட் ரோட்டைப் பெரிதாக்கி, சந்து சந்தாகக் காட்டினார். "எல்லாம் எங்க சொந்த சர்வர் சார். லோடு பத்தி நீங்க யோசிக்கவே வேண்டாம்" என்றார். அந்த "சொந்த சர்வர்" என்ற பேச்சுக்குத்தான் 42,000 ரூபாயை மொத்தமாக யுபிஐயில் அனுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் குவிந்தது. முதலில் முகவரித் தேடல் 429 பிழை (கோரிக்கைகள் அளவுக்கு மீறிவிட்டன என்று அர்த்தம்) காட்டி நின்றது. அப்புறம் மேப்பே போய்விட்டது. தெருக்கள் இருந்த இடமெல்லாம் "அக்சஸ் பிளாக்டு" என்று எழுதிய சதுரங்கள்! தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச உலக மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது டைல் சர்வர், விதியை மீறுகிறவர்களைத் தடுக்கும்போது அனுப்புகிற படம் அது. நன்கொடையிலும் தன்னார்வலர் உழைப்பிலும் ஓடுகிற சர்வர். அதன் முகவரித் தேடலான நாமினாட்டிமில் நொடிக்கு ஒரு கோரிக்கைதான் அனுமதி. எனக்கு விற்றவர்கள் நடுவில் ஒரு ப்ராக்ஸி (கோரிக்கைகளை வாங்கி அந்தப் பொது சர்வருக்குக் கடத்திவிடும் சர்வர்) வைத்து, அதையே எல்லோருக்கும் "அன்லிமிடெட்" என்று விற்றிருக்கிறார்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை வைத்துத் தொழில் செய்வதில் தப்பே இல்லை. சொந்தமாக டைல் ரெண்டர் செய்து (அதாவது தரவிலிருந்து படமாக வரைந்து), மூலத்தைக் குறிப்பிட்டு, நியாயமாக விற்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. ஊருக்குப் பொதுவாக வைத்த தண்ணீர்ப் பந்தலில் மொண்டு வந்து காசுக்கு விற்பதுதான் அநியாயம்.

கேட்டால் என்ன பதில் தெரியுமா? முதலில் "கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க". அடுத்து "மெயின்டனன்ஸ் போயிட்டிருக்கு". ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியதும், "டெக்னிக்கல் டீமுக்கு எஸ்கலேட் பண்ணியிருக்கோம்" என்று ஒரு டிக்கெட் எண். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "ஃபேர் யூஸ் பாலிசிப்படி ரீஃபண்ட் கிடையாது" என்று ஒரு வரி மெயில். அன்லிமிடெட்டுக்கு என்னய்யா ஃபேர் யூஸ்? அந்த விற்பனை ஆள் இப்போது போனையே எடுப்பதில்லை. 42,000 ரூபாய்! அந்தத் தளத்தைச் செய்ததில் எனக்குக் கிடைத்த கூலியே அதில் போய்விட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். இப்போது தளத்தில் மேப்பைக் காட்டும் லீஃப்லெட் என்ற நிரல் தொகுப்பின் கோடை அப்படியே வைத்துக்கொண்டு, டைல் முகவரியை மட்டும் வேறு சேவைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் சுருக்கமாக: டைல் எங்கே ரெண்டர் ஆகிறது என்று எழுத்தில் கேளுங்கள். மேப்பின் மூலையில் தரவு யாருடையது என்ற வரி இல்லையென்றால் வாங்காதீர்கள். வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டவே கட்டாதீர்கள். அன்லிமிடெட் என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.