நாலு வருஷம் ப்ளூடூத்தில் பேசிக்கொண்டே கார் ஓட்டினேன்

கார் வாங்கிய நாளிலிருந்து நாலு வருஷம், மதுராந்தகத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஜிஎஸ்டி சாலையில் தினமும் ப்ளூடூத்தில் பேசியபடிதான் ஓட்டினேன். கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டீயரிங்கிலேயே பட்டன், தெளிவான குரல். ஏசியைக் கூட்டினால் மட்டும் எதிர்முனையில் இரைச்சல் கேட்கும். போனைக் கையில் பிடித்தால்தானே தப்பு, நம் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்தானே இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நிலம் பாகம் பிரிப்பது பற்றி அக்காவோடு நீண்ட பேச்சு. வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், பரனூர் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பணம் பிடித்த குறுஞ்செய்தி. எந்த வரிசையில் போனேன், முன்னால் என்ன வண்டி நின்றது, எதுவுமே ஞாபகத்தில் இல்லை.

அடுத்த மாதம் படாளம் பக்கம், வழக்கம்போல் ப்ளூடூத்தில் பேசிக்கொண்டே வந்தபோது, தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா சாலையைக் கடந்தார். பக்கத்தில் இருந்த என் மனைவி “ஏங்க!” என்று கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றபோது ஒரு கை நீளம்தான் இடைவெளி. பானெட்டில் புல் சிதறிக் கிடந்தது. நான் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் கண்ணில் பட்டும் மனதில் படவில்லை.

இதையேதான் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழு பல வருஷமாகச் சொல்லி வருகிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களின் போன் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2005ல் வெளிவந்தது. போன் பேசும்போது விபத்து அபாயம் நாலு மடங்கு. ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்றாலும் அதே கதைதான். குரலால் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனச் சிதறல் 27 நொடி வரை நீடிக்கலாம் என்கிறது 2015ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 600 மீட்டர்.

பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது வேறு. லாரி குறுக்கே வந்தால் என் மனைவி பேச்சை நிறுத்திவிடுவாள். போனில் இருக்கும் அக்காவுக்கு லாரி தெரியாது.

இப்போது காரின் ப்ளூடூத் அமைப்பில் போன் அழைப்பை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன். பாட்டும் மேப் குரலும் வரும். ஆபீஸில் ஒரு வாரம் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அக்கா மட்டும் விடாமல் போன் அடிப்பார். செங்கல்பட்டு தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தித்தான் திரும்பக் கூப்பிடுகிறேன்.