சுவிட்சை அணைத்தால் அணைய வேண்டும்: ராஸ்பெர்ரி பை பாட்டுப்பெட்டியோடு நாலரை வருஷம்

போன வாரம் நான்காவது மெமரி கார்டும் போனது. அதை மாற்றிக்கொண்டிருந்த சாயங்காலமே கல்லூரி நண்பன் ஒருவன் போன் செய்தான். "உங்க அம்மாவுக்கு ஒரு பாட்டுப்பெட்டி செஞ்சு குடுத்தியே, அதே மாதிரி எங்க அப்பாவுக்கு ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன். எப்படிடா ஓடுது?" என்று கேட்டான். கையில் கார்டு, எதிரே திறந்து கிடக்கும் பெட்டி. "செய்யாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் ஒரு வார்த்தை பதிலுக்காகக் கேட்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருப்பவை இதில் கை வைத்த எல்லோருக்கும் தெரிந்தவைதான். 2018-இல் வாங்கி டிராயரில் கிடந்த ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கணினி, அதன் எண்களைப் பாட்டொலியாக மாற்ற ஐநூறு ரூபாய்க்குள் கிடைத்த பிசிஎம்5102 டாக் போர்டு, கட்டைவிரல் அகலத்தில் ஓர் ஓலெட் திரை, ஒலியளவுக்கு ஒரு திருகு, பாட்டுகள் நிறைந்த 64 ஜிபி பென்டிரைவ். 2021 பொங்கல் விடுமுறையில் சேர்த்தேன். கட்டில் செய்தபோது மிஞ்சிய தேக்குப் பலகையில் பெட்டி. அன்றிலிருந்து சமையலறை அலமாரியில், மசாலா டப்பாக்களுக்கு மேல்தட்டில் இருக்கிறது.

ஒலியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது. பை 3-இல் இருக்கும் ஹெட்போன் துளையில் நேராக ஸ்பீக்கரைச் செருகினால் பாட்டுக்குப் பின்னால் ஒரு சீறல் கேட்கும். அதில் தனியாக டாக் கிடையாது, துடிப்புகளின் அகலத்தை மாற்றித்தான் ஒலியை உண்டாக்குகிறது. டாக் போர்டு வந்ததும் அந்தச் சீறல் போய்விட்டது. ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. பை 3-க்குத் தாளம் தட்டித் தரும் கிரிஸ்டல் 19.2 மெகாஹெர்ட்ஸ். சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு அது சரியாக வகுபடாது, பின்னத்தில்தான் சமாளிக்கிறது. இதைப் பொறுக்காதவர்கள் சொந்தமாக இரண்டு கிரிஸ்டல் வைத்த போர்டு வாங்குகிறார்கள். ஒரு நண்பர் வீட்டில் அப்படி ஒன்றை ஹெட்போனில் கேட்டேன், நல்ல போர்டுதான். ஆனால் குக்கர் விசிலடிக்கும் சமையலறைக்கு அது தேவைப்படவில்லை.

டாக் போர்டு வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊதா நிறத்தில் வரும் அந்தச் சின்ன போர்டின் பின்பக்கம் நான்கு பாலங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் மூன்று புள்ளி, புள்ளி ஒவ்வொன்றும் எள் அளவு. மூன்றாவது பாலத்தை ஹெச் பக்கமும் மற்ற மூன்றையும் எல் பக்கமும் ஈயம் வைத்து இணைக்க வேண்டும். மூன்றாவதுதான் ஊமையாக்கும் கால். அதை இணைக்காமல் விட்டால் பாட்டு ஓடுவதாகக் கணினி சொல்லும், ஸ்பீக்கர் வாயே திறக்காது. முன்பக்கம் எஸ்சிகே என்ற புள்ளியை கிரவுண்டோடு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டோடு பொரிகிற சத்தமும் வரும். எனக்கு வந்த போர்டில் இரண்டுமே இணைக்கப்படாமல் இருந்தன. உள்ளே ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இரண்டு ராத்திரி நான் ஒயரையும் மென்பொருளையும் சந்தேகப்பட்டேன்.

சரி, கார்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் வேலை முடிந்த எந்தப் பொருளின் சுவிட்சும் சுவரில் போட்டபடி இருக்காது. மிக்சி, கிரைண்டர், டிவி எல்லாம் அப்படித்தான். ராத்திரி பால் காய்ச்சி முடித்ததும் அம்மா அலமாரிப் பக்கத்து சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் படுக்கப் போவார். வானம் இருட்டி ஓர் இடி கேட்டுவிட்டால் சுவிட்ச் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுவார். இதில் தவறே இல்லை. மின்னலில் டிவி போன வீட்டில் வாழ்ந்தவருக்கு அதுதான் சரியான பழக்கம். ஆனால் இந்தப் பெட்டிக்குள் இருப்பது லினக்ஸ் ஓடும் ஒரு கணினி. அதன் மென்பொருள் முழுவதும் மெமரி கார்டில்தான் இருக்கிறது. அது எந்த நேரமும் கார்டில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும்போது கரண்ட் போனால் அந்த ஒரு கோப்பு மட்டும் கெடுவதோடு நிற்காது. கார்டுக்குள் இருக்கும் சிப் தகவல்களைப் பெரிய கட்டங்களாக இடம் மாற்றி எழுதுகிறது. பாதியில் நின்றால் அதே கட்டத்தில் சும்மா இருந்த கோப்புகளும் சேர்ந்து போகலாம்.

முதல் கார்டு நான்கு மாதம் தாங்கியது. இரண்டாவதில் என் தப்பும் உண்டு. பழைய போன் சார்ஜரையும் மெல்லிய கேபிளையும் கொடுத்திருந்தேன். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை அதைக் குறித்து வைத்துக்கொள்ளும், பார்த்தால் குறித்திருந்தது. 5 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர் மாற்றினேன். மூன்றாவது கார்டு ஐப்பசி மழையில் போனது.

ஒரு பொத்தான் வைத்தேன். அழுத்தினால் ஒழுங்காக மூடிக்கொள்ளும், பிறகு சுவிட்சை அணைக்கலாம். பையில் 5-ஆம் பின்னோடு பொத்தானை இணைத்தால், மூடிய பெட்டியை அதே பொத்தானால் எழுப்பவும் முடியும். ஆனால் அந்தப் பின்னைத் திரை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே மூடுவதற்குப் பொத்தான், எழுப்ப சுவர் சுவிட்ச் என்று ஆனது. அம்மா இரண்டு நாள் அழுத்தினார். மூன்றாவது நாள், "எப்படியும் சுவிட்சை நான்தான் தொடணும். அப்புறம் எதுக்குடா இந்தப் பொத்தான்?" என்று கேட்டார். அதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

நடுவில் ஒரு பவர் பேங்க் வைத்துப் பார்த்தேன். சுவரில் கரண்ட் நிற்கும்போது பேட்டரிக்கு மாறுகிற அந்தக் கண நேரத்தில் பையே அணைந்து மறுபடி எழுந்தது. அதற்கு வைக்காமலே இருக்கலாம்.

கடைசியில் கைகொடுத்தது ஓவர்லே. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் அமைப்புப் பட்டியலிலேயே இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கார்டு படிப்பதற்கு மட்டும்தான், எழுதுவதெல்லாம் ரேமில் நடக்கும். பிளக்கைப் பிடுங்கினால் ரேமில் இருப்பது மறையும், கார்டு அப்படியே இருக்கும். நான் பெட்டியை மேசை மேல் வைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே இருபது முறை பிடுங்கிப் பார்த்தேன். இருபது முறையும் எழுந்தது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு வாரம் கழித்து அம்மா, "ஏன் தினமும் காலைல அதே பாட்டுலயே ஆரம்பிக்குது?" என்று கேட்டார்.

பாட்டைப் பாட வைக்கும் மென்பொருள் எம்பிடி. எந்தப் பாட்டில், எத்தனையாவது விநாடியில் இருக்கிறோம் என்பதை அது ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்பும் ரேமில் அல்லவா இருக்கிறது? கரண்ட் போனதும் பெட்டி எல்லாவற்றையும் மறந்து, நான் ஓவர்லே போட்ட நாளின் முதல் பாட்டுக்கே திரும்பிவிடுகிறது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, அம்மாவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம். அவர் முப்பது வருஷம் டேப் ரெக்கார்டரில் பாட்டுக் கேட்டவர். டேப் ஓடும்போது கரண்ட் போனால் நாடா நின்ற இடத்தில் நிற்கும், வந்ததும் அங்கிருந்தே பாடும். எங்கே நின்றோம் என்று யாரும் எழுதி வைக்க வேண்டியதில்லை, நாடா நிற்கிற இடமே அதன் ஞாபகம். அணைக்கும் முன் யாரும் அதனிடம் சொல்லிக்கொள்ளவும் வேண்டியதில்லை. 1.2 கிகாஹெர்ட்ஸில் நான்கு கோர் வைத்த கணினிக்கு இது தானாக வராது என்பதுதான் இந்த நாலரை வருஷமும் எனக்குக் கோபம்.

பென்டிரைவில் தனியாக 64 எம்பிக்கு ஒரு பகுதி பிரித்து, எம்பிடியின் அந்தக் கோப்பை மட்டும் அங்கே எழுத வைத்தேன். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதுவது அதன் வழக்கம், அதை முப்பது விநாடியாகக் குறைத்தேன். அந்தப் பகுதி கெட்டாலும் பெட்டி எழுந்துவிடும். மறுநாள் காலை ஐந்தரைக்கு அம்மா சுவிட்சைப் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். பத்தொன்பது விநாடி அமைதி. அப்புறம், முந்தின ராத்திரி சரணத்தில் நின்றுபோன பாட்டு அதே சரணத்தில், சில அடிகள் முன்னால் இருந்து தொடங்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தோசைக்கல்லை எடுத்து அடுப்பில் வைத்தார். அவருக்கு அது எப்போதும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டிய விஷயம். இந்தப் பெட்டியில் நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அடுத்துப் பிடித்தது திரை. போனில் இருக்கும் பாட்டுச் செயலிகளில் பாதிப் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் வருகின்றன, அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். அதற்காகத்தான் இந்த வேலையையே தொடங்கினேன். ஆனால் முதன்முதலில் திரையில் தமிழ் வந்தபோது 'கொலுசு' என்ற சொல்லில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நின்றது. 'லு', 'சு' இரண்டும் ஒட்டாமல், 'ல', 'ச' பக்கத்தில் உகரக் குறி தனியாகத் தொங்கியது. பைத்தான் நிரலில் எழுத்து வரைந்து தருவது பில்லோ என்ற மென்பொருள். ராக்கம் என்ற துணை மென்பொருள் இல்லாவிட்டால் அது குறியீடுகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். கொம்பு முன்னால் வர வேண்டும், உகரம் சேர்ந்து எழுத்தின் உருவமே மாற வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ராக்கத்தை நிறுவி நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்ததும் கொம்பு தன் இடத்துக்கு வந்தது. 128க்கு 64 புள்ளித் திரையில் 16 புள்ளி உயரத்தில் 'ண்ணு' ஒரு கறையாகத் தெரிந்தது. 24 ஆக்கினேன், நீளமான பெயர்களை மெதுவாக நகர விட்டேன். அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார்.

அவருடைய கேசட்டுகளையும் ஏற்றியிருக்கிறேன். ஒரு மணிநேரக் கேசட், ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் 16 பிட் ஃப்ளாக் கோப்பில் சுமார் 300 எம்பி வருகிறது. ஏ பக்கம் முடிந்ததும் பி பக்கம் இடைவெளி இல்லாமல் தொடர்வதைக் கேட்டு, "திருப்பிப் போட வேண்டாமா?" என்றார் முதல் நாள்.

அப்படியிருந்தும் போன வாரம் கார்டு எப்படிப் போனது? புதுப் பாட்டு சேர்த்தால் எம்பிடியின் பட்டியல் புதுப்பிக்கப்பட வேண்டும். அந்தப் பட்டியல் கார்டில் இருந்தது. ஓவர்லேயை எடுத்து, மறுபடி எழுப்பி, பட்டியலைப் புதுப்பித்து, ஓவர்லேயைத் திரும்பப் போட்டு, மறுபடி எழுப்ப வேண்டும். இருபது நிமிஷ வேலை. வாரத்துக்கு ஒருமுறை அம்மா ஏதாவது ஒரு பாட்டுக் கேட்பார், வாரத்துக்கு ஒருமுறை இந்த இருபது நிமிஷம். அன்று பாதியில் ஒரு போன் வந்தது, திரும்பப் போட மறந்துவிட்டேன். ராத்திரி இடி. அம்மா பிளக்கைப் பிடுங்கினார்.

இப்போது பட்டியலையும் அந்த 64 எம்பி பகுதிக்கே மாற்றிவிட்டேன். இனிமேல் ஓவர்லேயைத் திறக்க வேண்டியதில்லை. இதை மூன்று வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாம். இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பையில் பாட்டுப் பாட வைக்கவென்றே செய்த பைகோர்பிளேயர் என்று ஓர் ஓஎஸ் இருக்கிறது. அது முழுவதுமாக ரேமில் ஏறித்தான் ஓடும், பிடுங்கினால் கார்டுக்கு ஒன்றும் ஆகாது. தமிழ்த் திரை வேண்டாம், ஒலி மட்டும் போதும் என்றால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் பட்டது எதையும் பட வேண்டாம்.

கணக்குப் பார்த்தால் எல்லாம் இந்தப் பெட்டிக்குச் சாதகமாகத்தான் வருகிறது. கார்டுகளையும் சேர்த்து மொத்தச் செலவு ஆறாயிரம் தாண்டவில்லை. ஒலி நன்று. எது போனாலும் அதை மட்டும் மாற்றலாம். வீட்டில் ஒருத்தர் தினமும் இரண்டு மணிநேரம் சந்தோஷமாக இருக்கிறார். இருந்தும் நண்பனுக்கு நான் சொன்ன பதிலை மாற்றப்போவதில்லை. அவன் பெங்களூரில் இருக்கிறான், அவன் அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். அவரும் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பவர்தான். ஒரு நாள் காலை அந்தப் பெட்டி எழாவிட்டால் அவர் யாரைக் கூப்பிடுவார்?

திரைதான் இப்போது பாக்கி. நாலரை வருஷம் ஒரே மூலையில் கடிகாரம் காட்டியதில் அந்த இடத்து ஓலெட் மங்கி, பாட்டுப் பெயர் அதன் வழியாக நகரும்போது எழுத்து வெளிறுகிறது. புதுசு ரூ. 280-க்கு வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மாற்ற வேண்டும். எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கச் சொல்லியிருக்கிறார் அம்மா.